வால்வு சாவி

தீர்த்தகிரி நல்லவர்.
அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்,
நான் மறைத்ததாகப் பிறகு யாரும் சொல்லக் கூடாது.
காய்ச்சலிலும் விடிய ஐந்து மணிக்கு
துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்து
மேல்தெரு வால்வைத் திறந்தவர்.
என் மகள் பெரியவளான அன்று
கேட்காமலே அரை மணி நேரம் கூடுதலாக விட்டவர்.

ஆனால் சாவி அவர் வீட்டு ஆணியில் தொங்கியது.

இரண்டு முழ இரும்பு, தலையில் ஒரு குறுக்குக் கம்பி.
பென்னாகரத்துக்கு மேற்கே
எங்கள் தொண்ணூற்றாறு வீட்டுக் காவிரி
அந்தக் கம்பிக்குள்தான் படுத்திருந்தது.

பதினொரு வருடம் அவரைப் பார்த்துச் சிரித்தேன்.
வாயை மூடித்தான் சிரிப்பேன்.
போர்த் தண்ணீர் குடித்து முளைத்த பல்,
விளிம்பெல்லாம் காவி.
அவர் பையன் கணக்கில் முப்பத்தெட்டு வாங்கியபோது
"பாஸ்தானே, பரவாயில்லையே" என்று சிரித்தேன்.
தை பிறந்தால் முதல் படி அவரைக் கொட்டை
அவர் வீட்டுக்குப் போனது.
அவர் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்.
கேட்காததால் கொடுத்தபடியே இருந்தேன்.

எதிர்வீட்டுச் சாலம்மாவுக்குச் சிரிக்க வராது.
அவளுக்கும் தண்ணீர் வந்தது,
ஒரு நாள் நின்றதில்லை.
ஆனாலும் குழாய் காற்றை இருமும்போதெல்லாம்
நேற்று யாரிடம் என்ன பேசினோம் என்று
குடத்தைப் பிடித்தபடி யோசிப்பாள்.

ஜனவரி இருபத்தாறு. பள்ளிக்கூட மைதானம்.
கொடியேற்றி, ஆரஞ்சு மிட்டாய் தின்று முடித்து
கிராம சபை.
வழக்கம்போல் கையெழுத்து முதலில், பேச்சு பிறகு.
நோட்டில் பெயர்களுக்கு மேலே
அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருந்தது.
"தீர்மானம் எங்கே?" என்றேன்.
"எழுதிக்கலாம்மா" என்றார் செயலர்.
அவரும் நல்லவர்தான்.

பேனாவைத் திருப்பித் தரவில்லை நான்.
"களி கிண்டணும், நேரமாவுது" என்றது வரிசை.
தலைவர் சென்றாயன் எழுந்து வந்தார்.
"தண்ணி வரலையா உனக்கு?"
"வருதுங்க."
"தீர்த்தகிரி ஏதாச்சும் சொன்னாரா?"
"இல்லைங்க."
"அப்புறம்?"

அந்த அப்புறத்துக்கு என்னிடம் பதில் தயாராக இல்லை.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
"நாளைக்கு அவரு நல்லவரா இல்லாமப் போனா
நாங்க யாரைக் கேக்கறது?
அதை எழுதுங்க."

சிலர் சிரித்தார்கள்.
தீர்த்தகிரி சிரிக்கவில்லை.
அந்த முகத்தை நான் இன்னும் தாண்டவில்லை.

சாலம்மாதான் அடுத்துப் பேசினாள்.
"எழுதுங்க. எழுதினதை வாசிங்க.
சரியா இருந்தா கையெழுத்து."

நாலு வரி எழுத ஒன்றேகால் மணி நேரம்.
சாவி இனி சத்துணவுக் கூடத்தில்.
எடுப்பவர் நோட்டில் பெயர் எழுதி எடுக்க வேண்டும்.
திறக்கும் நேரம் டேங்கில் பெயின்ட்டால்,
மாற்றினால் சபைக்கு வந்து காரணம் சொல்ல வேண்டும்.
பாதிக் கூட்டம் போய்விட்டிருந்தது.
ஐம்பது பேர் வேண்டும். எண்ணினோம்.
ஐம்பத்திரண்டு, அதில் ஒருவர் தூக்கத்தில்.

செயலர் தலைப்பு போட்டார்: குடிநீர்.
அவருக்குப் பின்னால் கரும்பலகையில்
பிள்ளைகள் எழுதிய குடியரசு தின வாழ்த்து.
இரண்டும் ஒரே எழுத்துகளில் தொடங்குவதை
நாற்பத்தொரு வயதில் பார்த்தேன்.

மறுநாளும் ஐந்து மணிக்குத் தண்ணீர் வந்தது.
முன்பு வந்த அதே தண்ணீர், அதே அளவு.
தீர்த்தகிரி நோட்டில் பெயர் எழுதிச் சாவி எடுத்தார்.
நான் சிரிக்கவில்லை. அவரும்.
மூன்று வாரம் தெருவே கொஞ்சம் இறுகிக் கிடந்தது.
செய்தது சரிதானா என்று
இரண்டு இரவு எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.

பிறகு சந்தையில் அவர் புளி விற்றுக்கொண்டிருந்தார்.
விலை கேட்டேன். சொன்னார்.
பதினொரு வருடத்தில் முதல் தடவையாக
அவரிடம் பேரம் பேசினேன்.
ஐந்து ரூபாய் குறைத்தார்.
இன்னும் பத்து, என்றேன்.
"முடியாது, போம்மா" என்றார்.

நான் சிரித்துவிட்டேன்,
காவிப் பல்லெல்லாம் தெரிய.