ஞாயிறு விடுமுறை

பத்தே காலுக்குக் குறுஞ்செய்தி:
இன்று ஞாயிறு, நாட்டில் கரண்டுக்குத் தேவை குறைவு,
மூன்று மணி வரை
கூரைத் தகடுகளை நிறுத்தி வைக்கவும்.

நிறுத்தினேன்.
வங்கிக் கடனில் ஏற்றிய நூற்றிருபது தகடு.
தவணைக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது.
வாழைச்சேனைத் துறைமுகத்துக்கு மேலே
ஞாயிறு தன்பாட்டில் எரிந்துகொண்டிருந்தது,
அதற்கு யாரும் குறுஞ்செய்தி அனுப்பவில்லை.

எங்கள் ஐஸ் ஆலை இரவில்தான் கண் விழிக்கும்.
பத்தரைக்குப் பிறகு அலகு மலிவு.
அந்த விலைப்பட்டியலை எழுதிய நாளில்
இந்த ஊர்க் கூரைகளில் காகம் மட்டும்தான் இருந்தது.
நிலக்கரி அடுப்பை இரவில் அணைக்க ஏலாதென்று
தூங்குகிற நாட்டுக்குக் கழிவு விலை போட்டார்கள்.
நாங்களும் பழகிவிட்டோம்.
ஹில்மி கம்பிரசரைத் தட்டி எழுப்புவான்.
நுரைச்சோலையில் எரிந்தது
தீவைக் குறுக்கே கடந்து
விடியும்போது எங்கள் தகர அச்சுகளில்
ஐம்பது கிலோக் கட்டிகளாய் நிற்கும்.

ஐஸ் என்பது உறைந்த கரண்ட்.
சபைக்கு எழுதியே போட்டேன்:
ஞாயிறு நண்பகலுக்கு ஒரு விலை வையுங்கள்.
நீங்கள் வேண்டாமென்று தள்ளுவதை
நான் உறைய வைக்கிறேன்.
திங்கள் வரை தாங்கும்,
உமிச் செலவு என்னுடையது.

ஏழு வாரம் கழித்துப் பதில்:
தாங்கள் கேட்கும் விலை வகுப்பு
படிவத்தில் இல்லை.

கடதாசி ஆலைக்கு அங்கால்
முள்ளுக்கம்பி அடித்த காணிக்குப் படிவம் இருந்தது.
தரவு மையமாம்.
இரவும் பகலும் ஒரே அளவு இழுக்குமாம்,
போயா இல்லை, பெருநாள் இல்லை.
அப்படிப்பட்ட வாயைத்தான் அவர்களுக்குப் பிடிக்கும்.
புதுக் கோபுரம், புது லைன், புது உப மின்நிலையம்,
போட்ட காசுக்கு மேலே இத்தனை வீதம் எடுக்கலாம் என்றிருக்க,
இருக்கிற வெயிலை இரண்டு மணித்தியாலம் நகர்த்தி வைக்க
யாருக்குக் கை நீளும்?
கட்டினால் வருமானம்.
மிச்சம் பிடித்தால் பாராட்டுக் கடிதம்.

அந்த மையத்தோடு எனக்குக் கோபமில்லை.
அதன் இயந்திரங்களுக்கும் சூடு ஆகாதாம்,
இரண்டு பேருக்கும் பிழைப்புக் குளிர்தான்.
என் பில்லில் நிலைக் கட்டணம் ஏறியதுதான்
கொஞ்சம் உறுத்தியது.

பதினொன்றரைக்கு ஒரு வான் வந்து நின்றது.
இறங்கிய பொடியனுக்குக் கழுத்தில் அட்டை, காலில் செம்மண்.
"அக்கா, இருபது கட்டி, கெதியா.
அடிக்கல் வைக்கப் பெரியாக்கள் வந்திட்டாங்க,
சோடாவெல்லாம் கொதிக்கிது."

ஹில்மி சாக்குச் சுற்றி ஏற்றினான்.
காசை எண்ணி எடுத்தேன், மிச்சம் கொடுத்தேன்,
தகடுகளைப் பற்றி அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் அவசரம் அவனுக்கு.

வளைவு வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.
பின்கதவு இடுக்கால்
ஒழுகிக்கொண்டே போனது நுரைச்சோலை,
தார் ரோட்டில் சொட்டுச் சொட்டாய்,
நிறுத்தி வைக்கச் சொன்ன வெயிலில்.