ஏர் லாக்

கருமாத்தூர் விலக்கில், மொக்கராசு வீட்டு முன்னால்
கூரையெல்லாம் வேப்பம்பழம் ஒட்டி நின்றது
இரண்டாயிரத்து ஏழு மாடல் டாடா 207.
நம்பரைக் கூட்டிப் பார்த்த ஒச்சப்பன்
"எட்டு வருதுக்கா, ஆகாது" என்றான்.
எட்டாயிரம் குறைத்துக் கேட்டேன்.

பானட்டில் கை வைத்தேன். சூடு.
நாங்கள் வருமுன்னே ஒருதரம்
கிளப்பி வைத்திருக்கிறார்கள்.
ஆறட்டும் என்று எதிர்க்கடையில்
இரண்டு டீ, ஒரு உளுந்த வடை,
ஒன்றேகால் மணி நேரம்.
ஆறிய பிறகும் ஒரே செல்ஃபில் எடுத்தது.
கரும்புகை கொஞ்சம். வெண்புகை இல்லை.
சேஸிஸில் இரண்டு ஒட்டு,
பின்பட்டையில் ஒரு இலை மட்டும் புதுசு.
"ஒரு குறை சொல்ல முடியாது" என்ற மொக்கராசு
சாவியைத் தரும்போது
என்னவோ சொல்ல வந்து
எச்சில் விழுங்கிக்கொண்டார்.

ஒன்று அறுபத்திரண்டு.

எனக்குத் தொழில் பந்தல், பாத்திரம், சேர்,
பிணத்துக்கு ஐஸ் பெட்டி.
காலையில் கல்யாண அண்டா, சாயங்காலம் பெட்டி.
கட்டுவது ஒரே கயிற்றில்தான்,
யாரும் கேட்டதில்லை.

வாங்கிய மூன்றாம் வாரம்
உசிலம்பட்டி சந்தை நடுவில் நின்றது.
அப்புறம் ரயில்வே கேட்டில்.
அப்புறம் மாப்பிள்ளை வீட்டார் பார்க்க,
மண்டபத்து வாசலில்.
"லைன்ல காத்து ஏறுது" என்றான்
செக்கானூரணி அமலதாஸ்.
எங்கே ஏறுகிறதென்று அவனுக்கும் தெரியவில்லை.
பில்டர் மாற்றினான், ஹோஸ் மாற்றினான்,
டேங்கை இறக்கிக் கழுவினான்.
அடியில் ஒரு கைப்பிடிச் சேறு,
ஒரு ரூபாய்க் காசு ஒன்று.
காசைத் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு
மூவாயிரத்து நானூறு வாங்கிக்கொண்டான்.

ஐப்பசியில், மழை விட்ட ஒரு ராத்திரி போன்.
பெட்டி வேண்டும், கருமாத்தூர் விலக்கு.
பெயரை எழுதும்போதுதான்
பேனா நின்றது.

தெருவுக்குள் திரும்பியதும்
அந்த வீட்டு நாய் குரைக்காமல் எழுந்து வந்து
முன்டயரை மோந்து வாலாட்டியது.
பெட்டியை இறக்கினோம், பிளக் சொருகினோம்,
குளிர் ஏறுகிறதா என்று பார்த்தோம்.
மொக்கராசு சவரம் செய்திருந்தார்.

கிளம்பும்போது வண்டி எடுக்கவில்லை.
செல்ஃப் சுற்றியது, சுற்றியது,
பேட்டரி இளைத்தது.
எழவுக்கு வந்தவர்கள் துண்டை இடுப்பில் கட்டி
பத்துப் பேர் தள்ளினார்கள்.
மாலையோடு வந்த வேன் ஒன்று
பின்னால் ஹாரன் அடித்தது.

உள்ளே ஒப்பாரி நின்றது.
அவிழ்ந்த முடியை முடியாமலே
செவனம்மா வாசலுக்கு வந்தார்.

"பம்புக்குப் பின்னாடி பனியன் துணி சுத்தியிருக்கா?
அதைப் பிரிங்க. உள்ள ஒரு நட்டு இருக்கும்,
அதுதான் களவாணி.
அரைச் சுத்து முறுக்கிட்டு
கைப்பம்பை முப்பது தடவை அடிங்க.
இருபத்தொம்பதுக்கு எடுக்காது.
அவுகளுக்கு பதினோரு வருசம்
டார்ச் பிடிச்சவ நான்."

யாருடைய போனையோ வாங்கி
வெளிச்சத்தை அவரே பிடித்தார்.
ஒச்சப்பன் அடித்தான்.
வாய்விட்டு எண்ணியது அவர்.
இருபதில் நுரை வந்தது,
இருபத்தாறில் குமிழி.
முப்பதில், நூல் போல, டீசல்.

எடுத்தது.

தெரு முழுக்க அந்தச் சத்தம் நின்றது கொஞ்ச நேரம்.
செவனம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார்.
"ஐடிலிங் கூட வச்சிருக்கீக.
டீசல் குடிக்கும், கொறைங்க."
போனைத் திருப்பிக் கொடுத்தார்,
உள்ளே போனார்,
விட்ட அடியிலிருந்து அழத் தொடங்கினார்.

அந்த மூவாயிரத்து நானூறைப்
பெட்டி வாடகையில் கூட்டுவதா, கழிப்பதா என்று
செல்லம்பட்டி வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.
ஒச்சப்பன் கையில் டீசல் வாடை,
ஜன்னலுக்கு வெளியே நீட்டியே வைத்திருந்தான்.
ஐடிலிங்
கொஞ்சம் கூடத்தான் இருந்தது.