பதினோரு நிமிடம்

வயேனாருக்கு வடக்கே நெடுஞ்சாலையில்
ஒரு பக்கம் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள்.
என் வேலை ஒரு கம்பைத் திருப்புவது.
சிவப்புப் பக்கம் நில், பச்சைப் பக்கம் போ.
இதற்கும் மூன்று நாள் வகுப்பு எடுத்தார்கள்.

ஆகஸ்டில் இரண்டு மழை,
இரண்டே இரண்டு.
எட்டு வருஷமாய் வாய் திறக்காத தரை
ஊதாவாய்த் திறந்துகொண்டது.
சான்டியாகோவிலிருந்து கார் கொள்ளாமல் வந்தவர்கள்
பூவுக்குள் படுத்துப் படம் எடுத்தார்கள்.
பூவின் காலடியில் மேய்ந்ததை
யாரும் பார்க்கவில்லை.

கறுப்பு முதுகு,
அதில் சுண்ணாம்பு சிந்திய வெள்ளை.
நாங்கள் சின்னப்பசு என்போம்.
கண்ணாடிக் குப்பிகளோடு வந்த பெண்
கிரியோசோமஸ் என்றாள்,
பல்லில் மணல் நெறிபடும் பெயர்.
இருள்வண்டுக் குடும்பமாம்,
நடப்பதென்னவோ பட்டப்பகலில்.
சிறகுமூடி ஒட்டியே இருக்கும், பறக்காது என்றாள்.
புழுவாய் மண்ணுக்குள் எத்தனை வருஷம்?
சரியாகத் தெரியாது என்றாள்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.
தண்ணீர் உரிமை அலுவலகத்தில்
என் மனுவைப் பற்றி ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.
ஆறு வருஷமாய்
அடுத்த வாரம்தான்.

வியாழக்கிழமை, மூடுபனி விலகிய நேரம்,
கிழக்குப் பூவைத் தின்று தீர்த்தவை
மேற்குப் பூவுக்குக் கிளம்பின.
பத்து. நூறு. பிறகு எண்ணிக்கை கைவிட்டது.
பழைய தாரின் மேல்,
கல்யாணத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டவர்கள்போல
அவசரமில்லாமல்.

என் கையில் பச்சை.
திருப்பினேன்.

செம்புத்தாது லாரி பெருமூச்சோடு நின்றது.
எலியோதோரோ தலையை நீட்டினான்:
"எதிரே ஒன்றும் வரவில்லையே, ஒர்தென்சியா?"
"வருகிறது."
"எங்கே?"
"கீழே பார்."

இறங்கினான். டயருக்கு முன்னால் குந்தினான்.
வசவு வரும் என்று காதைத் தயாராய் வைத்திருந்தேன்.
கவிழ்ந்து கால் உதைத்த ஒன்றை
எடைச்சீட்டின் ஓரத்தால் நிமிர்த்திவிட்டு
"என் மகளுக்கு ஏழு வயது," என்றான்,
"இதை அவள் பார்த்ததே இல்லை."
பின்னால் ஹாரன்கள்.
அவன் கையை மட்டும் தூக்கிக் காட்டினான்,
பசுக்களை ஓட்டிப்போகிறவன் காட்டுவதுபோல.

சாயந்திரம் தாமத அறிக்கை.
காரணம் என்ற கட்டத்தில்
கால்நடை என்று எழுதினேன்.
மேற்பார்வையாளர் பாலாசியோஸ்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"ஆடா, மாடா?"
"மாடு."
"எத்தனை?"
சரியாகத் தெரியாது என்றேன்.