நேர்கோட்டில் முடியும் கறை

கோத்தகிரியிலிருந்து கடிதம். உள்ளே
தலவாக்கலையில் நான் அடித்துக் கொடுத்த படம்.

"அப்பா காதுகிட்ட கறை வந்திருக்கு.
மார்கழியில இல்ல. மாசியில பொட்டு மாதிரி.
இப்ப தாடை வரைக்கும்.
நல்ல காப்பி ஒண்ணு அனுப்பவும்.
காசு எவ்வளவுன்னு எழுதவும்.
இப்படிக்கு, அடைக்கலம் மகள் மருதாயி."

முதலில் அவர்களைத்தான் சந்தேகித்தேன்.
கப்பலில் உப்புக்காற்று பட்டிருக்கும்,
முகாமில் ஒழுகியிருக்கும்,
யாரோ எண்ணெய்க் கையால் எடுத்திருப்பார்கள்.
குற்றத்தைக் கடலுக்கு அந்தப் பக்கம் வைப்பது
எனக்கு வசதி.

ஆனால் எண்ணெய்க் கை ரேகையை விட்டுப் போகும்.
மழைநீர் விளிம்பில் கறுத்து நடுவில் வெளிறும்.
டெவலப்பர் கிழடு என்றால்
படம் முழுக்க ஒரே மஞ்சள், சாயத்தில் நனைத்தாற்போல.
பீலித் தண்ணீரின் துரு புள்ளி புள்ளியாய் உட்காரும்;
அதற்குத்தான் குழாய் வாயில்
என் பழைய வேட்டித் துண்டைக் கட்டியிருக்கிறேன்.

இது வேறு. பழுப்பு.
ஒரு பக்கம் நேர்கோட்டில் முடிகிறது,
அடிமட்டம் வைத்துக் கிழித்த மாதிரி.
தண்ணீருக்கு அடிமட்டம் தெரியாது.

கறை தொடும் வெள்ளை ஓரத்தில் சல்பைடு ஒரு சொட்டு.
அழுகிய முட்டை நாற்றத்தில் இரண்டு நிமிடம்.
ஒற்றி எடுத்தேன்: தவிட்டு நிறம்.
வெள்ளி உள்ளேயே இருக்கிறது.
ஹைப்போ போதவில்லை.

எப்படிப் போதும்? எழுபத்து நாலு.
பாணுக்கு வரிசையில் நின்ற வருடம்.
கொழும்பிலும் ஹைப்போ இல்லை.
இருந்த ஆறு இறாத்தலை ஆறு மாதம் இழுத்தேன்.
கலங்கிய பிறகும், நுரை தட்டிய பிறகும்
"இன்னும் பத்துப் படம் தாங்கும்" என்று
அதற்கு நானே சாட்சி சொன்னேன்.
கோச்சி புறப்படுவதற்கு முந்தின இரவு
ஒரே ட்ரேயில் பதினெட்டுக் குடும்பம்.
ஆட்டிவிட ஒரு கை, அதுவும் தூங்கி விழுந்த கை.

ஒரு படத்தின் முகத்தில் இன்னொன்று
கவிழ்ந்து ஒட்டியிருக்கிறது.
அப்படியானால் இந்தக் கறைக்கு ஒரு மறுபாதி உண்டு.

பதிவேடு: 611 அடைக்கலம்.
612 ராக்கன். அதே தோட்டம், அடுத்த காம்பரா.

ஞாபகம் வந்துவிட்டது.
ஒரு பசுமாடு மேய்ந்த கீரைப்பாத்திக்காக
ஆறு வருடம் பேசாத இரண்டு பேர்.
அவன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவன்,
இவன் இலங்கைக்கு.
என் பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்து
ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறினேன்.
கலண்டருக்குக் கீழே தொங்கியது ராக்கன் படம்.
வலது தோளில் கறை, நேர்கோட்டில்.
"கூரை ஒழுகுதுன்னு நெனச்சேன்,
தொரைகிட்ட தகரம் வேற கேட்டுப்புட்டேன்."

இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து
வாசல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஓரத்தோடு ஓரம் சேர்ந்தது.
"அவன் மேலயா?"
"உங்க தோள். அவரு தாடை."

அவர் வெளியே போய்
எதையோ அவிழ்த்து வேறிடத்தில் கட்டிவிட்டு வந்தார்.
"போறப்ப அந்த மாட்ட எனக்குத்தான் வித்தான்.
வேற ஆள் மூலமா."
பிறகு: "புதுசு குடுத்தா வாங்கிக்கிறேன்.
பழசு இங்கயே இருக்கட்டும்."

இன்றிரவு புது ஹைப்போ, நுவரெலியாவில் கடன் வாங்கியது.
ஒரு நேரம் ஒரு படம்.
ஒன்றை எடுத்துப் பீலியில் போட்ட பிறகே அடுத்தது;
இவர்கள் மறுபடி தொடக் கூடாது,
தொட்டால் கறை.
கவனமாகப் பிரித்து வைக்கிறேன்,
இதற்கு முன் பிரித்தவர்களைப் போலவே கவனமாக.

ஒரு மணி நேரம் கழுவி, சல்பைடு ஒரு சொட்டு.
இரண்டு நிமிடம். ஓரம் வெள்ளையாகவே இருக்கிறது.

மருதாயி பழையதைத் திருப்பிக் கேட்கவில்லை.
ஆனாலும் உறையில் வைத்துவிட்டேன்.
காசு: ஒன்றுமில்லை என்று எழுதி,
அது கருணை மாதிரித் தெரிந்ததால் அடித்துவிட்டு,
பிழை என்னுடையது என்று எழுதினேன்.

பதிவேட்டில் அடுத்த வரி.
613. வெள்ளையன், ஐந்து பேர்.
முகவரி: மண்டபம் முகாம்.