இருபத்தேழாம் மேசை

ஈசூன் சமூக மன்றத்தின் இரண்டாம் தளத்தில்
ஜெமிமாவின் கல்யாண விருந்து.
பெயர்ப் பட்டியலில் விரல் வைத்துத் தேடினேன்.
மூன்றில் இல்லை. ஐந்தில் இல்லை.
பட்டியல் முடிகிற இடத்தில்,
சமையலறைக் கதவு ஓயாமல் ஆடுகிற இடத்தில்
இருபத்தேழு.

பதினாறு வருடமாய்ச் சபைச் செயலாளர்.
அந்தப் பெண்ணுக்குக் கைகூப்பி
ஜெபம் சொல்லக் கற்றுக்கொடுத்தவன்.
முகத்தில் எதையும் காட்டவில்லை.
விருந்தில் கடைசி இடம் பார்த்து உட்காரச் சொன்ன வசனம்
எனக்குத் தெரியாதா?
அதற்கு அடுத்து வருவதும் தெரியும்:
அழைத்தவரே எழுந்து வந்து மேலே கூப்பிடுவார்.
ஆகவே உட்கார்ந்தேன்,
வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற நாற்காலியில்.

மேசையில் ஒலிபெருக்கிக்காரரின் உதவியாள்.
புளோக் 738இன் துப்புரவு ஆன்ட்டி சுவீ லியான்,
கையில் சிவப்பு உறை;
ஜெமிமா நடைபழகிய நாளிலிருந்து பார்த்தவராம்.
துவாஸ் விடுதியிலிருந்து மூன்று பஸ் மாறி வந்த
இருதயராஜ், நெற்றியில் ஹெல்மெட் பட்டையின் தழும்பு.
எல்லோருக்கும் நானே ரோஸ் சிரப் ஊற்றினேன்.
ஊற்றும்போது நிமிர்ந்து
மூன்றாம் மேசை பார்க்கிறதா என்று பார்த்தேன்.

பிரியாணி வருவதற்குள்
பெண்ணின் தகப்பன் தேவசகாயம்
வியர்க்க வியர்க்க என்னை நோக்கியே வந்தார்.
மறுப்பை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்:
பரவாயில்லை பிரதர், இங்கேயே இருக்கிறேன்.
இரண்டு முறை மறுக்கலாம்,
மூன்றாவதில் எழுந்துவிடலாம்.
"அண்ணே, கொஞ்சம் எழுந்திருங்க" என்றார்.
ஒரு முறைகூட மறுக்காமல் எழுந்தேன்,
கோட்டுப் பொத்தானையும் போட்டுக்கொண்டு.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.
மூன்றாம் மேசையில் ஆள் ஒன்று கூடிவிட்டதாம்.

நின்றேன்.
சமையலறைக்குள் போன சுவீ லியான்
சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றோடு வந்தார்.
அதில் ஒட்டியிருந்த வெங்காயத் தோலைத்
தன் புதுச் சட்டையின் கையாலேயே துடைத்து
உட்கார் என்பதை மூன்று மொழியில் சொன்னார்.

உட்கார்ந்தால் மேசை என் மார்புக்கு வந்தது.
தட்டுக்கும் வாய்க்கும் நடுவே தூரமே இல்லை.
இருதயராஜ் தன் கறித்துண்டுகளில் பெரியதை
கேட்காமலே என் பக்கம் தள்ளினான்.
கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி
சுத்தம் செய்கிற வேலையாம் அவனுக்கு.
"உள்ளே நிமிர முடியாதுண்ணே,
நிமிர்ந்தா தலை இடிக்கும், அவ்வளவுதான்,
வேறொண்ணும் கஷ்டமில்ல" என்றான்,
எலும்பை உறிஞ்சிக்கொண்டே.
ஒரு மணி நேரம் மூன்றாம் மேசை
என் ஞாபகத்தில் இல்லை.
எப்போது மறந்தேன் என்றும் தெரியவில்லை.

திரும்பும் ரயிலில், காத்திப் தாண்டியதும்
எதிர்க் கண்ணாடி இருட்டில் என் முகம்.
ஞாயிறு சாட்சி நேரத்தில் இதைச் சொல்லலாம்.
ஸ்டூல் வருகிற இடத்தில் சற்று நிறுத்த வேண்டும்.
குரலைத் தாழ்த்த வேண்டும்.
சபை உருகும்.
அங் மோ கியோ வருவதற்குள்
முன்னுரைகூடத் தயார்.

ஆண்டவரே,
அந்த ஸ்டூலில் இருந்தவனை
ஒரு மணி நேரம்தான் என்னிடம் விட்டுவைத்தீர்.
ஞாயிறன்று வாயைக் கட்டிக்கொண்டேன்.
கட்டிக்கொண்டதிலும் ஒரு பெருமை வந்தது.
இதோ,
எழுதியும்விட்டேன்.