ஏழாம் பாகம், இரண்டாம் மெய்ப்பு

ஆறு பாகங்களிலும்
வெண்ணாற்று மதகின் நாலாவது ஷட்டர்
தண்ணீர் விடுகிற அன்று மட்டும்
அந்தப் பக்கத்துக்குத் திறந்தது.
மூன்று பிள்ளைகள் போனார்கள்,
மூன்று பேரும் திரும்பினார்கள்.

இதில் இரண்டு பேர்தான்.
ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டேன்:
சபூரா எங்கே?
நீடாமங்கலத்திலிருந்து பதில்:
“சக்கரம் உள்பக்கம் இருக்கிறது சார்.
யாராவது சுற்றியாக வேண்டும்.”

கையெழுத்துப் பிரதியின் கடைசி வரி
சபூரா கதவை அடைத்தாள்.
டிடிபி பையன்
‘த்’ அடிக்கவேண்டிய இடத்தில்
‘ந்’ அடித்திருக்கிறான்.

அடைந்தாள்.

பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.
விட்ட பிழைக்குப் பிடித்தம் உண்டு.

பேனாவை மூடிவிட்டுப்
பால் வாங்கப் போனேன்.
பாலத்தில் நின்று எண்ணினால்
மூன்று இறங்கியிருக்கிறது.
நாலாவது
இருட்டில் சரியாகத் தெரியவில்லை.