இரண்டு முகப் பலகை

என் பலகைக்கு இரண்டு முகம்.
ஒன்றில் நில். மற்றதில் மெதுவாக.
யோர்க்டனுக்கு வடக்கே
சாலையைப் பெயர்த்துப் போட்டிருக்கும் பதினோரு கிலோமீட்டரின்
இந்த முனையில் நான், அந்த முனையில் வெண்டெல்.
நடுவே ரேடியோவில் கரகரக்கும்:
"கடைசி வண்டி சிவப்பு டாட்ஜ், அனுப்பிட்டேன்."
"சரி, ஒரீசியா."

ஜூலை. இரு பக்கமும் கனோலா பூத்து
கண்ணைக் கூசவைக்கும் மஞ்சள்.
அதை யாரும் பார்ப்பதில்லை.

வண்டி நின்ற மறுகணம்
கழுத்துகள் விழுகின்றன, ஒவ்வொன்றாக,
சாயங்காலச் சூரியகாந்தி மாதிரி.
இல்லை, அது பொய்.
சூரியகாந்திக்கு அவ்வளவு அவசரம் கிடையாது.

எட்டு வருடமாக இந்த வேலை.
மனிதர்கள் தம் தொடையைப் பார்த்துச் சிரிப்பதை
என்னைவிட அதிகம் பார்த்தவர் இந்த மாகாணத்தில் இருக்க முடியாது.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
இவர்கள் மடியில் இருப்பது கால் கிலோகூட வராது.
அதனால்தான் பயமில்லை போலும்.

நிற்கும்போது பார்க்கட்டும், எனக்கென்ன.
பலகையைத் திருப்புகிறேன்: மெதுவாக.
கழுத்து நிமிர்வதற்கு முன்பே
கால் பிரேக்கை விட்டுவிடுகிறது.

வியாழன், மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால்,
ஒரு வெள்ளைப் பிக்கப் நிற்கவில்லை.
கிறீச்சென்று சத்தம் வருமென்று நினைப்பீர்கள்.
பிரேக் பிடித்தால்தானே சத்தம்.
கண்ணாடிக்குப் பின்னால்
முகம் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு தொப்பியின் உச்சிப் பொத்தான்.

நான் பள்ளத்தில் குதித்தேன்.
பலகை குதிக்கவில்லை.

இறங்கி வந்தான். கோல்ட்டன், பத்தொன்பது வயது.
"பார்க்கலை, மேடம், பார்க்கலை."
நசுங்கிய பலகையைப் பொறுக்கி இரண்டு கையாலும் நீட்டினான்,
இரவல் வாங்கிய பொம்மையை
உடைத்துக் கொண்டுவந்த பிள்ளைபோல.
நடுவில் மடங்கி, நில் உள்ளே போய்விட்டது.
மெதுவாக மட்டும் வெளியே தெரிந்தது.

அவன் போன் வண்டித் தரையில் மல்லாந்து கிடந்தது,
திரை இன்னும் எரிந்துகொண்டு.
படித்தேன். படித்திருக்கக் கூடாது.
அப்பாவுக்கு:
போல்ட் அரை அங்குலமா முக்காலா கடை மூடப்

அவ்வளவுதான்.
ஒரு காதல் என்றால் புரிந்திருக்கும்.
ஒரு சாவு என்றாலும்.
எனக்கும் அந்த பம்பருக்கும் நடுவே இருந்தது
எழுதி முடிக்காத ஒரு 'போறாங்க'.

போலீஸ் வந்தது, எழுதியது, போனது.
வீட்டுக்குப் போகிறாயா என்று ஃபோர்மன் கேட்டார்.
வேறு பலகை வாங்கி ஷிப்டை முடித்தேன்.
ஏனென்று தெரியவில்லை.

ஆறரைக்கு என் கார்.
ஆறாவது கிலோமீட்டரில், பக்கத்து சீட்டுப் பைக்குள் அது அதிர்ந்தது.
இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்:
என் வலது கை கிளம்பிவிட்டது.
நான் அனுப்பவில்லை.
பாதி வழியில்தான் பார்த்தேன்.
பால் பாத்திரத்துக்குப் போகும் பூனையைப் பிடிப்பதுபோல
பிடித்து இழுத்தேன்.

ஓரம் கட்டி,
போனைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடி
பின்சீட்டில் வைத்தேன்.
உள்ளே ஒரு ஸ்பூன் இருந்ததை மறந்துவிட்டேன்.
நாற்பது கிலோமீட்டர் அந்த ஸ்பூன் பேசிக்கொண்டே வந்தது.
தகரத்தில் ட்ர்ர், ட்ர்ர்.
ஒவ்வொரு ட்ர்ருக்கும்
யாரோ ஒருவர் ஆஸ்பத்திரியில்,
யாருக்கோ பிள்ளை பிறந்தது,
அடுப்பை அணைக்காமல் வந்தேனா.
கனோலா இரு பக்கமும் ஓடியது.
நானும் அதைப் பார்க்கவில்லை.

வீட்டில் திறந்தேன்.
மதியம் மிஞ்சிய பெரோகியின் புளித்த கிரீம்
திரை முழுக்க அப்பியிருந்தது.
கட்டைவிரலால் வழித்துப் பார்த்தால், வெண்டெல்.
நான்கு முறை.

கையுறையை மறந்துட்டுப் போயிட்டே.
ஒரீசியா?
வீடு போய்ச் சேர்ந்தியா?
கவலைப்படாதே, உன் ரெண்டு கையும் என் வண்டியிலதான் கிடக்கு.
காலையில வந்து வாங்கிக்கோ.